இசைவாழ்வும் இல்வாழ்வும்: பட்டி ஸ்மித்தின் 'மௌன ஆண்டுகள்' – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ராக் பாடகியும் கவிஞருமான பட்டி ஸ்மித் 1979ஆம் ஆண்டில், புகழின் உச்சியில் இருந்தபோது மேடையை விட்டு விலகினார். அதன்பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் மிச்சிகன் மாநிலத்தில் மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்தார். ராக் இசை பற்றிய எழுத்துகள் இக்காலப்பகுதியைப் பெரும்பாலும் 'மறைவு' என்றோ 'மௌனம்' என்றோ குறித்துக் கடந்துவிடுகின்றன. அவருடைய வாழ்வு, கலைப்பணி, குடும்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது இம்மதிப்பீடு பொருந்தவில்லை என்பதையும், பிற்காலத்தில் அவர் உரைநடையாளராக அறியப்படுவதற்கான அடித்தளம் இவ்வாண்டுகளிலேயே இடப்பட்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. பெண் கலைஞர் ஒருவரின் வாழ்வைக் காலப்பகுப்புச் செய்யும்போது எவ்வகை அளவுகோலைக் கைக்கொள்வது என்னும் வினாவும் இங்கு எழுப்பப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பட்டி ஸ்மித், ராக் இசை, பங்க் ராக், இல்வாழ்வு, பெண் கலைஞர் வாழ்க்கை வரலாறு, காலப்பகுப்பு

1. முன்னுரை

ராக் இசை 1950களில் அமெரிக்காவில் தோன்றியது. கறுப்பின மக்களின் புளூஸ் இசையையும் வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையையும் வேராகக் கொண்டு வளர்ந்த இவ்விசை, 1960களில் இளைய தலைமுறையின் எதிர்ப்புக் குரலாகவும் பெரும் வணிகமாகவும் ஒருசேர உருப்பெற்றது. மின்கிதாரை ஏந்திய ஆணே அதன் நாயகனாகக் கருதப்பட்டான். அதில் இடம்பெற்ற பெண்கள் பலரும் பிறர் எழுதிய பாடல்களைப் பாடுபவர்களாகவே பெரிதும் அறியப்பட்டனர். இச்சூழலில் தாமே எழுதி, தாமே இசைக்குழுவை வழிநடத்தி, ஆண்களுக்குரியதெனக் கருதப்பட்ட மேடைத் தோற்றத்தைத் தமதாக்கிக்கொண்டவர் பட்டி ஸ்மித். 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரில் எழுந்த பங்க் ராக் இயக்கத்தின் முன்னோடியாக அவர் மதிக்கப்படுகின்றார்.

அவருடைய கலைவாழ்வு பொதுவாக இரு பகுதிகளாகப் பகுக்கப்படுகின்றது. 1975 முதல் 1979 வரையிலான எழுச்சிக் காலம் ஒன்று. 1995இல் தொடங்கும் மீள்வருகைக் காலம் மற்றொன்று. இடைப்பட்ட ஆண்டுகள் வெற்றிடமாக விடப்படுகின்றன. அவ்வெற்றிடத்தில்தான் திருமணம், இரு மகப்பேறுகள், கணவரின் மறைவு ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. ஒரு கலைஞரின் குடும்ப வாழ்வு நிகழ்ந்த காலமே அவருடைய கலை வரலாற்றின் வெற்றிடமாகக் கருதப்படுவது ஏன்? அக்கருத்து எந்த அளவிற்கு உண்மை? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் களம்.

2. பிறப்பும் இளமையும்

பட்ரிசியா லீ ஸ்மித் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1946 டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். கிராண்ட் – பெவர்லி ஸ்மித் இணையரின் இல்லத்தில் நான்கு பிள்ளைகளுள் மூத்தவராக வளர்ந்தார். லிண்டா, டாட், கிம்பர்லி ஆகியோர் அவருக்கு இளையவர்கள். குடும்பம் பிலடெல்பியாவிலும் பின்னர் நியூஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியிலும் வசித்தது. கிராண்ட் தொழிற்சாலைப் பணியாளர். பெவர்லி உணவகத்தில் பரிமாறுபவராகப் பணியாற்றியவர். வசதி குறைந்த இல்லமாயினும் நூல்களும் இசையும் சமய உரையாடலும் அங்கு நிறைந்திருந்தன. தாய் யெகோவாவின் சாட்சிகள் சமயப்பிரிவைச் சார்ந்தவர். பதின்பருவத்திலேயே அச்சமயத்திலிருந்து விலகிய ஸ்மித், விவிலிய மொழியின் ஓசையையும் படிமங்களையும் தம் பாடல்களில் இறுதிவரை தக்கவைத்துக்கொண்டார்.

சிறுமியாக இருந்தபோது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் ஓவியங்களைக் கண்டதும், 16ஆம் வயதில் பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவின் கவிதை நூலைப் பழைய புத்தகக் கடையொன்றில் கண்டடைந்ததும் அவர் தம் வாழ்வின் திருப்பங்களாகக் குறிப்பிடுபவை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு 1964இல் நிறைவுற்றது. கோடை விடுமுறையில் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார். அங்குப் பெற்ற கசப்பான அனுபவமே பின்னாளில் அவருடைய முதல் ஒலிப்பதிவுகளுள் ஒன்றுக்குப் பொருளாயிற்று.

கிளாஸ்பரோ அரசுக் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தபோது 1966இல் கருவுற்றார். 1967இல் பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுக்கும் கடினமான முடிவை 20 வயதில் மேற்கொண்டார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க் நகருக்குப் புறப்பட்டார். பயணச்சீட்டு வாங்கப் பணம் போதாத நிலையில், தொலைபேசிக் கூண்டில் யாரோ விட்டுச்சென்ற கைப்பையில் இருந்த 32 டாலரே அவருக்குக் கைகொடுத்தது எனத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். தாய்மைக்கும் கலைக்கும் இடையிலான தெரிவு அவர் வாழ்வில் 1979இல் முதன்முறையாக எழவில்லை. கலைவாழ்வின் வாயிலிலேயே அது நின்றது. இதனை நினைவிற் கொண்டே பின்னைய முடிவை அணுகுதல் வேண்டும்.

3. நியூயார்க்: கவிதையிலிருந்து ராக் இசைக்கு

நியூயார்க் நகரில் ஸ்மித் புத்தகக் கடைகளில் விற்பனையாளராகப் பணியாற்றினார். அங்கு அறிமுகமான ராபர்ட் மேப்பில்தோர்ப் என்னும் இளைஞர் முதலில் காதலராகவும் பின்னர் வாழ்நாள் நண்பராகவும் அமைந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரானவர் அவரே. 1969இல் இருவரும் எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் தங்கியிருந்த செல்சி ஓட்டலில் சிறியதோர் அறையில் குடியேறினர். ஸ்மித் புத்தகக் கடை ஊதியத்தைக் கொண்டு இருவரையும் காத்துவந்தார்.

1971 பிப்ரவரி 10ஆம் நாள் புனித மாற்கு தேவாலயத்தில் நடைபெற்ற கவிதை வாசிப்பு நிகழ்வு திருப்புமுனையாக அமைந்தது. அன்று ஸ்மித் கவிதை வாசிக்க, லென்னி கே மின்கிதார் வாசித்தார். கவிதை அரங்கிற்குள் மின்கிதார் நுழைந்தது அன்று பலருக்கு வியப்பளித்தது. பின்னர் பியானோக் கலைஞர் ரிச்சர்ட் சோல் இணைந்தார். 1974இல் மேப்பில்தோர்ப்பின் பொருளுதவியால் முதல் தனிப்பாடல் இசைத்தட்டு வெளிவந்தது. தொழிற்சாலை அனுபவத்தைப் பேசும் கவிதை அதன் ஒரு பக்கத்தில் இடம்பெற்றது. ஐவன் கிரால், ஜே டீ டாஹர்ட்டி ஆகியோரும் சேர, இசைக்குழு முழுமை பெற்றது.

மன்ஹாட்டனின் போவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. என்னும் சிறு அரங்கில் இக்குழு 1975இல் பல வாரங்கள் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியது. அவ்வரங்கே அமெரிக்க பங்க் இயக்கத்தின் பிறப்பிடம் எனப்படுகின்றது. தேர்ந்த வாசிப்புத் திறனையும் விலையுயர்ந்த கருவிகளையும் சார்ந்து நின்ற அக்கால ராக் இசைக்கு மாற்றாக, சில எளிய சுரக்கோவைகளும் சொல்லின் ஆற்றலும் போதும் என இவ்வியக்கம் நிறுவியது. ஸ்மித்தின் பாடுமுறை இதற்கு உகந்ததாக இருந்தது. அவர் பேச்சில் தொடங்கிப் பாட்டிற்கு ஏறி, மீண்டும் பேச்சிற்கு இறங்குவார்.

4. நான்கு இசைத்தொகுப்புகளும் விலகலும்

ஜான் கேல் தயாரிப்பில் 1975 இறுதியில் வெளிவந்த 'ஹார்சஸ்' (குதிரைகள்) ஸ்மித்தின் முதல் இசைத்தொகுப்பு. மேப்பில்தோர்ப் எடுத்த அதன் அட்டைப்படத்தில் ஸ்மித் வெள்ளைச் சட்டை அணிந்து, கறுப்பு மேலங்கியைத் தோளில் இட்டு, ஒப்பனையின்றி நேர்நோக்கி நிற்கின்றார். பாடகியரை அழகுப் பொருளாகக் காட்டிய அக்கால அட்டைப்பட மரபிலிருந்து அது முற்றிலும் வேறுபட்டிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இத்தொகுப்பு இடம்பெற்றுள்ளது. இதில் உள்ள 'கிம்பர்லி' என்னும் பாடல் தம் கடைசித் தங்கையை முன்னிறுத்தி எழுதியது. குடும்பம் என்னும் பாடுபொருள் முதல் தொகுப்பிலேயே தோன்றிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1976இல் 'ரேடியோ எத்தியோப்பியா' வெளிவந்தது. 1977 ஜனவரியில் பிளாரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் மேடையிலிருந்து தவறி விழுந்து கழுத்தெலும்பு முறிவுற்றார். பல மாத ஓய்வுக்குப் பின் 1978இல் 'ஈஸ்டர்' வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 'பிகாஸ் த நைட்' அமெரிக்கப் பாடல் வரிசைப்பட்டியலில் 13ஆம் இடத்தை எட்டி, அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முழுமையாக்காமல் விட்டிருந்த பாடலுக்கு ஸ்மித் சொற்களை எழுதினார். டெட்ராயிட்டில் இருந்த ஃபிரெட் ஸ்மித்தின் தொலைபேசி அழைப்பிற்காகக் காத்திருந்த இரவில் அச்சொற்கள் பிறந்தன என்பதை அவரே கூறியுள்ளார். 1979இல் வெளிவந்த 'வேவ்' தொகுப்பின் முதற்பாடல் 'ஃபிரெடரிக்' அவர் பெயரையே தாங்கியது.

ஃபிரெட் ஸ்மித், டெட்ராயிட் நகரின் எம்.சி. 5 என்னும் ராக் குழுவின் கிதார்க் கலைஞர். இருவரும் 1976இல் அறிமுகமாயினர். 1979 செப்டம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பல்லாயிரம் பேர் திரண்ட விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடத்தியபின் ஸ்மித் தம் குழுவைக் கலைத்தார். 1980 மார்ச் 1ஆம் நாள் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். டெட்ராயிட் அருகில் ஏரிக்கரையில் அமைந்த செயின்ட் கிளேர் ஷோர்ஸ் என்னும் ஊரில் குடியேறினர். மகன் ஜாக்சன் 1982இலும் மகள் ஜெஸ்ஸி 1987இலும் பிறந்தனர்.

5. மிச்சிகன் ஆண்டுகளின் உள்ளடக்கம்

'மறைவு' எனக் கூறப்படும் இக்காலத்தில் நிகழ்ந்தவற்றை மூன்று சான்றுகளின் வழி நோக்கலாம்.

5.1 விடியற்கால எழுத்து

குழந்தைகள் உறங்கும் வேளையில், விடியற்காலை 5 மணி முதல் 8 மணி வரை நாள்தோறும் எழுதுவதைத் தாம் வழக்கமாகக் கொண்டிருந்ததை ஸ்மித் நேர்காணல்களில் பலமுறை எடுத்துரைத்துள்ளார். அதற்கு முன்னர் அவர் இரவில், விருப்பம்போல் எழுதுபவர். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் அவ்வுரிமையைப் பறித்தன. எஞ்சிய மூன்று மணி நேரம் கட்டாயத்தால் ஒழுங்காக மாறிற்று. மேடையில் உடனடியாகச் சொற்களைப் புனைந்து பாடும் முறையிலிருந்து, நாள்தோறும் அமர்ந்து திருத்தி எழுதும் உரைநடை முறைக்கு அவர் மாறியது இக்காலத்தில்தான். முதல் காலப்பகுதியில் அவர் வெளியிட்டவை பெரும்பாலும் கவிதைகளும் பாடல்களும். பிற்காலத்தில் வெளியிட்டவற்றுள் தலைசிறந்தவை உரைநடை நூல்கள். இம்மாற்றத்திற்குரிய காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

5.2 'ட்ரீம் ஆஃப் லைஃப்' (1988)

இடைக்காலத்தில் வெளிவந்த ஒரே இசைத்தொகுப்பு இது. ஃபிரெட்டும் ஸ்மித்தும் இணைந்து பாடல்களை உருவாக்கினர். இதன் முதற்பாடலான 'பீப்பிள் ஹேவ் த பவர்' (மக்களிடமே ஆற்றல்) பின்னாளில் உலகெங்கும் போராட்டக் களங்களிலும் பேரணிகளிலும் ஒலித்தது. ஸ்மித் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது ஃபிரெட் வந்து, பாடலின் தலைப்பாக அமைந்த தொடரைக் கூறி, அதை எழுதுமாறு சொன்னார் என்பது அதன் தோற்ற வரலாறு. மகனுக்காக எழுதிய தாலாட்டாகிய 'ஜாக்சன் பாடல்' இதே தொகுப்பில் இடம்பெறுகின்றது. பொதுவாழ்வைப் பேசும் பாடலும் தாலாட்டும் ஒரே சமையலறையிலிருந்து ஒரே தொகுப்பிற்குள் வந்து சேர்ந்தன. அகம், புறம் என இரண்டையும் பிரித்துக் காணும் பார்வை இத்தொகுப்பிற்குப் பொருந்தாது.

5.3 சென்னையில் அச்சான சிறுநூல்

ரேமண்ட் ஃபோய், ஓவியர் பிரான்செஸ்கோ கிளெமெண்டே ஆகியோர் 1980களில் ஹனுமான் புக்ஸ் என்னும் சிறுநூல் வரிசையைத் தொடங்கினர். உள்ளங்கையில் அடங்கும் இந்தியத் தோத்திர நூல்களின் வடிவில் அமைந்த இந்நூல்கள், சென்னை கலாக்ஷேத்ராவின் அச்சகத்தில் சி.டி. நாச்சியப்பனின் மேற்பார்வையில் அச்சாகி நியூயார்க் சென்றன. இவ்வரிசைக்காக ஃபோய் கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்மித் எழுதிய உரைநடைச் சிறுநூல் 'உல்கேதரிங்' (கம்பளி திரட்டுதல்). மிச்சிகன் இல்லத்தில் கையெழுத்தாக எழுதி, தம் 45ஆம் பிறந்தநாளான 1991 டிசம்பர் 30 அன்று அதை நிறைவு செய்தார். 1992இல் நூல் வெளிவந்தது. குழந்தைப்பருவ நினைவுகளும் பகற்கனவுகளும் கலந்த குறும்பகுதிகளால் ஆனது அந்நூல். நினைவைக் காலவரிசையால் கட்டாமல் காட்சிகளால் அடுக்கிச் செல்லும் அவருடைய பிற்கால நடை இதில் தெளிவாகத் தோற்றம் பெற்றுவிட்டது. 'மௌனம்' எனப்பட்ட ஆண்டுகளின் குரல் தமிழகத்து அச்சகமொன்றின் வழியாக வெளிவந்தது என்பது தமிழ்நாட்டு அச்சு வரலாற்றை ஆராய்வோரும் கருத்திற்கொள்ளத்தக்க செய்தி.

6. இழப்புகளும் மீள்வருகையும்

1989 மார்ச் 9ஆம் நாள் மேப்பில்தோர்ப் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். 1990இல் ரிச்சர்ட் சோல் மறைந்தார். 1994 நவம்பர் 4ஆம் நாள் ஃபிரெட் ஸ்மித் இதயச் செயலிழப்பால் காலமானார். அடுத்த திங்களிலேயே தம்பி டாட் திடீரென இறந்தார். 1970களின் இசைப் பயணங்களில் மேடைப்பணிகளைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இந்நான்கு மறைவுகளும் ஸ்மித்தின் இளமைக்காலத் துணைகள் பலரையும் பறித்துக்கொண்டன. எஞ்சியிருந்தவை 12 வயது மகனும் 7 வயது மகளும், அவர்களை வளர்த்தெடுக்கும் பொருளாதாரப் பொறுப்பும்.

1995 இறுதியில் பாப் டிலனின் இசைப் பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி நடத்துபவராக ஸ்மித் மேடைக்குத் திரும்பினார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப்பும் அவருக்கு ஊக்கமளித்தவர்கள். 1996இல் 'கான் அகெய்ன்' வெளிவந்தது. தம் இறுதி மாதங்களில் ஃபிரெட் கற்றுத்தந்த கிதார்ச் சுரக்கோவைகளைக் கொண்டு அதன் பாடல்கள் சிலவற்றை அவர் உருவாக்கினார். இரங்கற்பாடல்களின் தொகுப்பு எனினும், அதன் இசைக்கருவி அறிவே இல்லறம் தந்த கொடை என்பது நோக்கத்தக்கது.

இதன்பின் 'பீஸ் அண்ட் நாய்ஸ்' (1997), 'கங் ஹோ' (2000), 'ட்ராம்பின்' (2004), 'ட்வெல்வ்' (2007), 'பங்கா' (2012) ஆகியன வெளிவந்தன. இவற்றில் குடும்பம் பாடுபொருளாக மட்டுமன்றிப் பங்காளராகவும் இடம்பெறுகின்றது. 'கங் ஹோ' தொகுப்பின் அட்டையில் கிராண்ட் ஸ்மித்தின் இளமைக்கால ஒளிப்படம் உள்ளது. 2002இல் மறைந்த தாயை நினைவுகூரும் பாடல் 'ட்ராம்பின்' தொகுப்பில் உண்டு. அதன் தலைப்புப் பாடலுக்குப் பியானோ வாசித்தவர் மகள் ஜெஸ்ஸி. மகன் ஜாக்சன் கிதார்க் கலைஞராகத் தாயுடன் மேடையேறி வருகின்றார். ஜெஸ்ஸி காலநிலை மாற்றம் குறித்த விழிப்புணர்வுக்காக இசை நிகழ்ச்சிகளை நடத்தும் 'பாத்வே டு பாரிஸ்' அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர்.

7. உரைநடையாளராக அறியப்படுதல்

மேப்பில்தோர்ப் இறக்கும் தறுவாயில், தங்கள் இருவரின் கதையை எழுதுவதாக ஸ்மித் அவருக்கு வாக்களித்தார். அவ்வாக்கு நிறைவேற 20 ஆண்டுகள் ஆயின. 2010இல் வெளிவந்த 'ஜஸ்ட் கிட்ஸ்' (வெறும் பிள்ளைகள்) அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. ராக் இசைக்கலைஞர்களின் தன்வரலாறுகள் பெரும்பாலும் புகழின் ஏற்ற இறக்கங்களை விவரிப்பவை. இந்நூலோ புகழ் வருவதற்கு முந்தைய வறுமையையும் நட்பையும் உழைப்பையும் மையமாகக் கொண்டது.

2015இல் வெளிவந்த 'எம் ட்ரெய்ன்' மிச்சிகன் ஆண்டுகளை நேரடியாகத் தொடுகின்றது. முதல் திருமண ஆண்டு நிறைவையொட்டி இணையர் இருவரும் பிரெஞ்சு கயானாவின் பழைய சிறைக்குடியிருப்பிற்குச் சென்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழெனேக்கு அளிப்பதற்காக அங்கிருந்து கற்கள் சிலவற்றை எடுத்து வந்தனர். ழெனே 1986இல் மறைந்துவிட்டமையால் அக்கற்கள் ஸ்மித்திடமே தங்கின. பல்லாண்டுகளுக்குப் பின்னர் மொராக்கோவில் உள்ள அவருடைய கல்லறையில் அவற்றைச் சேர்ப்பித்தார். ஒரு தொகுப்பும் வெளிவராத ஆண்டொன்றில் மேற்கொண்ட பயணம், 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்து ஒரு நூலின் முதுகெலும்பாக ஆயிற்று. படைப்பின் விதைக்காலத்தை வெளியீட்டு ஆண்டால் அளக்கவியலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

2007இல் ராக் அண்ட் ரோல் புகழ்மாடத்தில் ஸ்மித் சேர்க்கப்பட்டார். 2011இல் சுவீடனின் போலார் இசைப் பரிசு பெற்றார். 2016 டிசம்பர் 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில், நோபல் பரிசு பெற வாராத பாப் டிலனின் பாடலை விழாவில் பாடினார். இடையில் தடுமாறி நின்று, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கி முடித்தார். மேடையில் நிகழும் தடுமாற்றத்தை மறைக்காமல் அதனூடே செல்லும் இவ்வியல்பு, தேர்ச்சியைவிட உண்மையை முதன்மையாகக் கருதிய பங்க் மரபின் தொடர்ச்சியே எனலாம்.

8. 'மௌனம்' என்னும் அளவுகோல்

ஸ்மித்தின் இடைக்காலத்தை 'மௌனம்' எனக் குறிப்போர் கையாளும் அளவுகோல் இரண்டு: மேடையேறினாரா, இசைத்தொகுப்பு வெளியிட்டாரா என்பன. இவ்வளவுகோல் அனைவருக்கும் ஒரே வகையில் பயன்படுத்தப்படுகின்றதா என ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும்.

பாப் டிலன் 1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்திற்குப் பின் உட்ஸ்டாக் என்னும் ஊரில் மனைவி மக்களுடன் ஒதுங்கி வாழ்ந்தார். 1974 வரை இசைப் பயணம் மேற்கொள்ளவில்லை. இக்காலம் அவர் வரலாற்றில் வளமிக்க படைப்புக்காலமாகப் போற்றப்படுகின்றது. அவர் அப்போதும் தொகுப்புகளை வெளியிட்டு வந்தார் என்னும் வேறுபாட்டை மறுக்கவியலாது. எனினும், 1967இல் வீட்டு நிலவறையில் வெளியீட்டு நோக்கமின்றிப் பதிவான பாடல்களும் 1975இல் வெளிவந்தபின் பெருமதிப்புப் பெற்றன. வெளியிடப்படாத உழைப்பும் உழைப்பே என்னும் கொள்கை அங்கு ஏற்கப்பட்டது. ஜான் லெனன் 1975இல் மகன் பிறந்தபின் 1980 வரை இசையுலகை விட்டு விலகிப் பிள்ளை வளர்த்தார். 'இல்லத்துக் கணவன்' என்னும் அவருடைய புதிய வேடம் ஓர் அறிவிப்பாகவே, பாலின வழக்கத்தை மீறிய செயலாகவே பேசப்பட்டது. அதே செயலைப் பெண் செய்தபோது அது வழக்கத்திற்குத் திரும்புதலாக, எனவே குறிப்பிடத்தகாததாகக் கொள்ளப்பட்டது.

ஸ்மித் தம் ஆசானாகக் கொண்ட ரம்போவும் 20 வயதளவில் கவிதையைக் கைவிட்டு ஆப்பிரிக்கா சென்று வணிகரானவர். அம்மௌனம் பிரெஞ்சு இலக்கியத்தில் ஆழ்ந்த புதிராகக் கருதப்பட்டு, நூல் நூலாக ஆராயப்படுகின்றது. பாலைநிலம் நோக்கிச் சென்ற மௌனம் தொன்மமாகின்றது. சமையலறை நோக்கிச் சென்ற மௌனம் இடைவெளியாகின்றது. மௌனத்தின் இயல்பைவிட, அது நிகழ்ந்த இடமே மதிப்பீட்டைத் தீர்மானித்துள்ளது.

எண்ணிக்கை அளவிலும் 'எழுச்சி – மறைவு' என்னும் பகுப்பு நிலைபெறவில்லை. 1975 முதல் 2012 வரை வெளிவந்த 11 இசைத்தொகுப்புகளுள் நான்கு மட்டுமே விலகலுக்கு முந்தையவை. ஒன்று இடைக்காலத்தது. ஆறு மீள்வருகைக்குப் பிந்தையவை. அவருடைய தன்வரலாற்று நூல்கள் அனைத்தும் 1990க்குப் பிறகு வெளிவந்தவை.

9. வாதத்தின் எல்லைகள்

இக்கருத்தை மிகைப்படுத்தாதிருக்க இரண்டு வரையறைகளைக் குறிப்பிடுதல் வேண்டும். முதலாவதாக, வீட்டு வேலை தன்னளவில் படைப்பாற்றலை வளர்க்கும் எனப் பொதுமை காண இயலாது. ஸ்மித் விலகியபோது அவருக்குப் பெயரும், முந்தைய பாடல்களின் உரிமைத்தொகையும், கலையை அறிந்த துணைவரும் இருந்தனர். இவை வாய்க்கப்பெறாத எண்ணற்ற பெண்களின் எழுத்து விடியலுக்கு முன்னரே அவிந்திருக்கக்கூடும். ஸ்மித்தின் வாழ்வு அவர்களின் இழப்பிற்குச் சமாதானமாகாது.

இரண்டாவதாக, அவருடைய விலகலை முழு உரிமைத் தெரிவு என்றோ, முழுத் தியாகம் என்றோ ஒருபடித்தாக்கக் கூடாது. புகழ் தந்த சோர்வு, உடற்காயம், காதல், குடும்பத்தை நாடும் விருப்பம் ஆகியன கலந்த முடிவு அது. தாம் எதையும் இழக்கவில்லை என்றே அவர் தொடர்ந்து கூறிவந்துள்ளார். ஆய்வாளர் அக்கூற்றை மதித்தல் வேண்டும்; அதே வேளையில் அவ்வாண்டுகளில் உருவாகாமலே போன இசையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பட்டி ஸ்மித்தின் வாழ்வில் குடும்பம் கலைக்குப் புறம்பானதாக அமையவில்லை. தங்கையின் பெயரில் தொடங்கி, கணவர், மகன், மகள், பெற்றோர் என விரிந்து, முதல் தொகுப்பு முதல் இறுதித் தொகுப்பு வரை அது பாடுபொருளாகவும் பங்காளராகவும் தொடர்கின்றது.

1979 முதல் 1995 வரையிலான காலம் மேடை வரலாற்றில் இடைவெளியே. எழுத்து வரலாற்றில் அது பயிற்சிக்காலம். விடியற்கால எழுத்தொழுங்கு, 'ட்ரீம் ஆஃப் லைஃப்', 'உல்கேதரிங்' ஆகிய மூன்றும் இதற்குச் சான்றாகின்றன.

வெளியீட்டு ஆண்டையும் மேடைத் தோற்றத்தையும் மட்டுமே கொண்டு கலைஞரின் வாழ்வைப் பகுக்கும் முறை, பெண் கலைஞர்களின் உழைப்பில் பெரும்பகுதியைக் கணக்கில் கொள்ளாமல் விடுகின்றது. எழுதிய நேரம், எழுதிய இடம், எழுத இடந்தந்த அல்லது தடுத்த வீட்டுச்சூழல் ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளும் வாழ்க்கை வரலாற்று முறையியலே இக்குறையை நீக்கவல்லது. எம்மொழியைச் சார்ந்த பெண் எழுத்தாளரையோ பாடகியையோ ஆராய்வோரும், 'இக்காலத்தில் எதுவும் எழுதவில்லை' என்னும் வரியை எழுதுவதற்கு முன், அக்காலத்தில் அவர் வீட்டில் நிகழ்ந்தது யாது என வினவுதல் இன்றியமையாதது.